ஹெல்பர் போதும் என்கிறீர்களே, ஒரு அப்ரண்டிஸ் கேளுங்கள்

அடுக்குமாடிக் குடியிருப்பு நலச்சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் 18 வருடமாக மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். "லிஃப்ட் நின்னுடுச்சு, ஆள் எங்கே?" என்று உங்கள் வாட்ஸ்அப் குழுவில் தினமும் திட்டு வாங்குகிறவன்.

போன மாதம் விடிகாலையில் மேல்தொட்டி காலி. நைட் ஷிப்டில் இருந்த பையன், ஹெல்பர் என்று பேர், மோட்டார் ஓடுகிறது ஆனால் தண்ணீர் ஏறவில்லை என்றதும் "மோட்டார் போச்சு" என்று சொல்லிவிட்டான், செயலாளர் மோட்டார் காயிலைப் புதிதாகச் சுற்ற (ரீவைண்டிங்) ஆள் கூப்பிட்டும் விட்டார். நான் போய் சம்ப்பிலிருந்து உறிஞ்சுகுழாயைத் தூக்கிப் பார்த்தால், அதன் அடியில் தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் ஃபுட் வால்வு மூடாதபடி நடுவில் ஒரு பால் கவர் துண்டு. எடுத்துப் போட்டு, பம்ப்பில் தண்ணீர் ஊற்றி ஏர் எடுத்ததும் ஏறிவிட்டது. பையன் மேல் கோபமே வரவில்லை. ஒரு வருடமாக இங்கேதான் இருக்கிறான், ஃபுட் வால்வு எப்படி இருக்கும் என்று அவனுக்கு யாரும் காட்டியதில்லை. (நானும்தான். மூன்று பிளாக்குக்கு ஒரே ஆள்.)

1961-லேயே அப்ரண்டிஸ் (பழகுநர்) சட்டம் வந்துவிட்டது. இப்போதைய விதிப்படி, ஒப்பந்த ஆட்களையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனம் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆகவேண்டும். உங்களுக்கு ஆள் அனுப்பும் மெயின்டனன்ஸ் கம்பெனியில் 30 பேர் இல்லாமலா இருப்பார்கள்? பழகுநருக்குத் தரும் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே தருகிறது. அப்புறம் என்ன தயக்கம்?

தயக்கம் உங்களுடையதும்தான். "அனுபவம் உள்ள ஆளா அனுப்புங்க" என்று கேட்கிறீர்கள், புதிதாக வருகிறவன் அதை எங்கே போய் வாங்கிவருவான்?

அதனால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது ஒரு வரி சேருங்கள்: எங்கள் வளாகத்தில் ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் அல்லது பிளம்பர் முடித்த ஒரு அப்ரண்டிஸ் இருக்கவேண்டும், அவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆள் யார் என்று பெயர் எழுதவேண்டும். கேட்டில் உட்காரவைத்து வண்டி நம்பர் எழுத விடாதீர்கள், அப்படி நடப்பதைப் பார்த்திருக்கிறேன். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யில் டெஸ்ட் பட்டன் எதற்கு, எர்த் இணைப்பைப் புதைத்திருக்கும் எர்த் பிட்டில் ஏன் தண்ணீர் ஊற்றுகிறோம், பேனலைத் தொடுவதற்கு முன் என்ன பார்க்கவேண்டும், இதெல்லாம் பக்கத்தில் நின்றால்தான் வரும். கழிவுநீர்த் தொட்டிக்குள் மட்டும் யாரையும் இறக்காதீர்கள், பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்த 2013 சட்டப்படி குற்றம்.

எனக்கும் ஒரு பிளாக்கைக் குறையுங்கள். அந்த ஹெல்பர் பையன் பத்தாவது பாஸ். அவனை எந்தத் தொழிலில் சேர்க்கமுடியும் என்று கம்பெனியிடம் கேளுங்கள், சொல்லிக்கொடுக்கும் ஆள் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் எலக்ட்ரீஷியன்