வசந்தா, அந்த மூச்சடக்கும் வித்தையை நிறுத்து

அன்புள்ள வசந்தா,

பதிலே போடவில்லை என்று என்னைத் திட்டி முடித்துவிட்டாயா? முடித்திருந்தால் மேலே படி. நான் பாட்டி ஆகிவிட்டேன். சுதாவுக்கு எட்டு வாரம் முன்னதாகவே பிரசவம் ஆகிவிட்டது. பெண் குழந்தை, 1600 கிராம். இப்போது இரண்டு பேரும் தேறிவிட்டார்கள், அதனால்தான் என்னால் உட்கார்ந்து எழுத முடிகிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? சரி, விசாரிப்பு முடிந்தது.

மூச்சு விடுவது ஒரு வேலை என்று நாம் என்றைக்காவது நினைத்திருக்கிறோமா? இன்குபேட்டருக்குள் அவள் கிடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்தது. மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. கூடவே மெல்லிய முனகல். வலிக்கிறதா என்று நர்ஸைக் கேட்டேன். "வலி இல்லை பாட்டி, வெளியே போகிற காற்றைத் தொண்டையிலேயே மறித்து, கொஞ்சத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள்" என்றாள். அந்தப் பொட்டுக்கு இதை யாரடி சொல்லிக்கொடுத்தது?

சாரதா டீச்சர் நுரையீரல் படம் வரைந்து நடத்தியபோது நாம் இருவரும் பெஞ்சுக்கு அடியில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது உனக்கே தெரியும். இப்போது அதையெல்லாம் அந்த வார்டின் வாசலில் உட்கார்ந்து படித்தேன். டாக்டரையும் விடாமல் நச்சரித்தேன். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து, அந்த இரண்டும் மறுபடி பிரிந்து, இப்படியே ஏறக்குறைய 23 தடவை கிளைத்துக்கொண்டு போகிறது. கடைசியில் இருப்பவை காற்று நுண்ணறைகள். வளர்ந்த ஆளுக்குச் சராசரியாக 48 கோடி. ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் வருமாம், நாம் சேர்ந்து குடியிருந்த அந்த வாடகை அறையைப் போலப் பல அறைகள்! ஒரு நுண்ணறையின் சுவர் தலைமுடிக் கனத்தில் நூறில் ஒரு பங்குதான். சுவருக்கு அந்தப் பக்கம் ரத்தம் ஓடுகிறது. ஒரு சிவப்பணு அதைக் கடந்துபோக முக்கால் நொடிதான் ஆகும். அதில் முதல் கால் நொடிக்குள்ளேயே ஆக்ஸிஜன் ஏறிவிடும், மீதி நேரம் கையிருப்பு மாதிரி. ஓடும்போது ரத்தம் வேகமாகப் பாய்ந்தாலும் மூச்சு ஈடுகொடுப்பது அதனால்தான்.

நுரையீரலுக்குத் தன்னைத் தானே விரித்துக்கொள்ளத் தசை கிடையாது. அடியிலிருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்க வேண்டும், விலா எலும்புகள் மேலெழ வேண்டும், மார்புக்கூடு பெரிதாக வேண்டும், அப்போது காற்று தானே உள்ளே வரும். குழந்தைக்கு அந்த எலும்புகள் குருத்தெலும்பாகத் தளர்ந்து கிடப்பதால் உதரவிதானம் இழுக்கிற இழுப்பில் நெஞ்சே உள்ளே போய்விடுகிறது. நான் பார்த்த குழிவு அதுதான்.

ஆனால் இவளுடைய சிக்கல் இன்னும் உள்ளே இருந்தது. நுண்ணறைகளின் உட்புறம் எப்போதும் ஈரமாக இருக்கும். தண்ணீர் தன் பரப்பைச் சுருக்கிக்கொள்ளவே பார்க்கும். அப்படி விட்டால் ஒவ்வொரு முறை மூச்சை வெளியே விடும்போதும் அந்தக் குட்டி அறைகள் மூடிக்கொள்ளும், அடுத்த மூச்சுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து பிய்த்துத் திறக்க வேண்டும். இதைத் தடுக்க நுரையீரலே ஒரு கொழுப்புப் பொருளைச் சுரந்து அந்த ஈரத்தின் மேல் படரவிடுகிறது. சர்ஃபாக்டன்ட் என்கிறார்கள். அது போதுமான அளவு சேருவது கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான். இவள் அதற்கு முன்பே வந்துவிட்டாள்.

முன்கூட்டிப் பிறந்த குழந்தைகள் இப்படி மூச்சுக்குத் திணறும் நோய்க்கு இந்தக் குறைதான் காரணம் என்று 1959-இல்தான் மேரி எலன் ஏவரி என்ற பெண் மருத்துவரும் ஜெரி மீட் என்பவரும் காட்டினார்கள். நாலு வருடம் கழித்து, 1963-இல், அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்த மகன் இதே நோயில் இரண்டு நாள்கூட இருக்கவில்லை. ஜனாதிபதி வீட்டுப் பிள்ளைக்கே கொடுக்க அப்போது எதுவும் இல்லை, பார். இவளுக்கு மெல்லிய குழாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் பால் நிறத்தில் அந்த சர்ஃபாக்டன்ட்டையே மருந்தாக விட்டார்கள். சிறிது நேரத்தில் முனகல் அடங்கியது. அந்த மருந்தை மாடு அல்லது பன்றியின் நுரையீரலிலிருந்து எடுக்கிறார்கள். சம்பந்தியம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை, நீயும் உளறிவைக்காதே.

அதோடு முடிந்தது என்று நினைக்கிறாயா? அப்புறம் மூச்சு விடவே மறந்துபோக ஆரம்பித்தாள். அமைதியாகத் தூங்குவாள், மார்பு அசையாது, மானிட்டர் அலறும், நர்ஸ் ஓடிவந்து உள்ளங்காலைச் சுண்டுவாள், மறுபடி தொடங்குவாள். முன்கூட்டிப் பிறந்தவர்களுக்கு இது சகஜமாம். மூச்சை நடத்துவது மூளையின் அடியில் இருக்கும் முகுளம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு ஏறியதும் முகுளம் அதை உணர்ந்து "இழு" என்று உத்தரவு போட வேண்டும். இவளுக்கு அது இன்னும் முதிரவில்லை. மருந்து என்ன தெரியுமா? கஃபீன். நீ காலையில் கண் விழிக்கக் குடிப்பதில் இருக்கும் அதே சரக்கு. முகுளத்தை அது உசுப்பிவிடுகிறது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன், விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. போன கடிதத்தில், தண்ணீருக்குள் அதிக நேரம் இருக்க உன் பேரனுக்கு அந்தப் பழைய தந்திரத்தைச் சொல்லிக்கொடுத்ததாகப் பெருமையாக எழுதியிருந்தாய். குதிப்பதற்கு முன் வேகவேகமாகப் பெரிய மூச்சு, ஒன்றன்பின் ஒன்றாக. நாம் பந்தயம் கட்டி ஆடியதுதான். உடனே நிறுத்து.

அப்படி இழுப்பதால் ஆக்ஸிஜன் ஒன்றும் கூடிவிடாது, சாதாரண மூச்சிலேயே ரத்தம் கிட்டத்தட்ட நிறைந்துதான் இருக்கிறது. குறைவது கார்பன் டை ஆக்ஸைடுதான். அதாவது, மேலே வா என்று கத்துகிற ஆளின் வாயை நீ முன்கூட்டியே பொத்திவிடுகிறாய். நெஞ்சு முட்டுவது ஆக்ஸிஜன் குறைவதால் என்று நாம் நினைக்கிறோம், பெரும்பாலும் கார்பன் டை ஆக்ஸைடு ஏறுவதால்தான் முட்டுகிறது. பையனுக்கு அது முட்டாது. சுகமாக நீந்திக்கொண்டிருப்பான், அதற்குள் ஆக்ஸிஜன் தீர்ந்து மூளை அணைந்துவிடும். தலைசுற்றல்கூட இல்லாமல் நினைவு தப்பும். நினைவு தப்பினால் மூச்சு தானாகத் திரும்பும், ஆனால் இழுப்பது தண்ணீராக இருக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படிப் போயிருக்கிறார்கள். நமக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று வாதாடாதே, உன் அதிர்ஷ்டத்தை அவனிடம் பாடமாக நடத்த முடியாது. நேரம் பார்த்து மூச்சடக்கும் போட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடு. பாட்டி சொன்னதைப் பாட்டியே மாற்றினால் கௌரவம் குறையாது.

குழந்தையைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வா. துளி சளி இருந்தாலும் வராதே. உன் தம்பியைக் கூட்டி வருவதாக இருந்தால் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வரச் சொல், அவன் மேலிருக்கும் புகை நாற்றத்தோடு வாசல்படி ஏறவிடமாட்டேன். பேரனிடம் பேசியதும் எனக்கு ஒரு வரி எழுது.

உன்
மீனா