நமது புகைப்படச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். நிர்வாகக் குழு நான்கு முறை கூடியது. ஐந்தாவது முறை கோரம் சேராமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அதில் ‘ஐஸ்’ என்று ஒரு செலவு வரும். அதற்கான விளக்கத்தை நானே இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஃபிலிமை வெளியூருக்கு அனுப்பாமல் நாமே கழுவக் கற்றுக்கொள்வது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். அதை மே மாதத்தில் ஆரம்பித்தது என் தவறு. ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனமான டெவலப்பரின் பாக்கெட்டில் 20 டிகிரி என்று அச்சிட்டிருக்கிறது. மதுரையில் மே மாத மதியம் மாடித் தொட்டித் தண்ணீர் 37 டிகிரி. ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி வாளியில் போட்டு, அதற்குள் டெவலப்பர் பாட்டிலை நிறுத்தி 20-க்குக் கொண்டுவந்தோம். கழுவியும் முடித்தோம். கடைசி அலசலுக்கு மட்டும் ஒருவர் நேராகக் குழாயைத் திறந்துவிட்டார். குளிர்ந்திருந்த ஜெலட்டின் பூச்சு வெந்நீர் பட்டதும் உப்பிச் சுருக்கம் விழுந்து, படம் முழுக்கத் தண்ணீர் வற்றிய கண்மாய் வண்டல்போல் வெடித்துவிட்டது. அது காலாவதியான பழைய ரோல் என்பதால் இழப்பு பெரிதில்லை.

அதன்பிறகு ஐஸை விட்டுவிட்டு மண்பானைக்கு வந்தோம். பானைத் தண்ணீர் 26 டிகிரியில் நிற்கிறது. எச்பி5 என்ற கறுப்பு-வெள்ளை ஃபிலிமை ஐடி-11 என்ற டெவலப்பரில் சம அளவு தண்ணீர் கலந்து கழுவினால் 20 டிகிரியில் 13 நிமிடம், 24-ல் 9, 26-ல் ஏழரை. டெவலப்பர், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ, அலசும் தண்ணீர் மூன்றும் ஒரே பானையிலிருந்து வந்தால் வெடிப்பு இல்லை. இந்த யோசனை தன் ஸ்டுடியோவை மூடிவிட்டு நம் சங்கத்தில் சேர்ந்திருக்கும் மாஸ்டருடையது. அவர் தெர்மாமீட்டர் பார்ப்பதில்லை. ஃபிலிம் கழுவும் டப்பாவின் வெளிப்பக்கத்தில் புறங்கையை வைத்து, “இருபத்தஞ்சு இருக்கும் தம்பி, ஒரு நிமிசம் முன்னாடியே கொட்டிரு” என்பார். நான் ரகசியமாக அளந்து பார்த்திருக்கிறேன். ஒரு டிகிரிக்கு மேல் தவறியதில்லை.

ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசி ஞாயிறு, 2001 முதல், உலக ஊசித்துளைப் புகைப்பட நாளாகக் கொண்டாடப்படுகிறது. லென்ஸ் இல்லாத கேமராவில் அன்று எடுத்த ஒரே ஒரு படத்தை ஆளுக்கு ஒன்றாக உலகம் முழுவதும் இருந்து அனுப்புகிறார்கள். 2024-ல் அது ஏப்ரல் 28, அழகர் ஆற்றில் இறங்கிய ஐந்தாம் நாள். பதினொரு பேர் ஆளுக்கொரு பால்பவுடர் டின்னோடு விடியற்காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தில் கூடினோம்.

புதியவர்களுக்காக, டின்னைக் கேமராவாக்கும் முறை: டின்னின் உள்பக்கம் மேட் கறுப்புப் பெயின்ட். பக்கவாட்டில் ஒரு சதுரம் வெட்டி, கூல்டிரிங்ஸ் கேனிலிருந்து எடுத்த அலுமினியத் தகட்டை ஒட்ட வேண்டும். தகட்டில் ஊசியை லேசாகச் சுழற்றித் துளைத்து, பிசிறை நைஸ் உப்புத்தாளில் தேய்த்துவிட வேண்டும். 10 செ.மீ. விட்டமுள்ள டின்னுக்கு 0.45 மி.மீ. துளை சரியாக வரும். அளப்பது எப்படி என்று எல்லாரும் கேட்கிறீர்கள். தகட்டை ஜெராக்ஸ் கடையில் 1200 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளியாக, ஸ்கேன் செய்து, துளையின் குறுக்கே எத்தனை புள்ளி என்று எண்ணுங்கள். 21 வந்தால் போதும். ஆணியை வைத்து அடித்த இரண்டு பேருக்கு வந்த படத்தில் மைய மண்டபம் பஞ்சுமிட்டாய்போல் இருந்தது. பெயர் சொல்லவில்லை.

ஃபிலிமுக்குப் பதில் பிரிண்ட் போடும் காகிதத்தையே நெகட்டிவாக உள்ளே வைத்தோம். அதன் வேகம், அதாவது ஒளியை வாங்கும் திறன், ஐஎஸ்ஓ 6 அளவுதான். துளையோ எஃப் 220, அதாவது டின் விட்டத்தில் ஏறத்தாழ 220-ல் ஒரு பங்கு. நல்ல வெயிலில் அரை நிமிடம், அன்றைய காலை வெளிச்சத்தில் மூன்று நிமிடம். அந்த நேரத்தில் குளத்தைச் சுற்றி வாக்கிங் போனவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். படத்தில் ஒருவர்கூட இல்லை. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் மட்டும் இருக்கிறார். அவருக்கும் பக்கத்தைப் புரட்டிய வலது கை இல்லை. இன்னொன்று: இந்தக் காகிதத்துக்குச் சிவப்பு தெரியாது, அதனால்தான் சிவப்பு பல்பு வெளிச்சத்தில் அதைக் கையாள முடிகிறது. கோயில் மதிலின் காவிப் பட்டையும் கனகாம்பரமும் பிரிண்டில் கறுப்பாகவே விழும். தன் சிவப்புப் பட்டுப்புடவை துக்கத்துக்குக் கட்டியதுபோல் வந்துவிட்டது என்று அக்கா ஒருவர் இன்னும் என்னிடம் வருத்தத்தில் இருக்கிறார்.

காகித நெகட்டிவ் மதுரைக்குப் புதிதல்ல. ஆங்கிலேயப் படை அதிகாரியும் புகைப்படக்காரருமான லின்னேயஸ் ட்ரைப் 1858-ல் இங்கே வந்து கோயிலையும் நாயக்கர் மகாலையும் எடுத்தது காகித நெகட்டிவில்தான். அதே ஆண்டு தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்ட்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அவர் இந்த வெயிலில் தண்ணீருக்கு என்ன செய்தார் என்று நினைத்தால் நம் ஐஸ் செலவு கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

மாஸ்டர் தன் பழைய அலமாரியிலிருந்து, பிரிக்காத ‘இந்து’ புரோமைடு காகிதக் கட்டு ஒன்றைச் சங்கத்துக்குக் கொடுத்தார். ஊட்டி இந்து நகரில், இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையில் தயாரானது. அந்த ஆலை இன்று இல்லை. ஓரங்களில் சாம்பல் படிந்திருந்தாலும் நடுப்பகுதி இன்னும் வேலை செய்கிறது. மிச்சம் பன்னிரண்டு தாள். நிர்வாகக் குழு அனுமதி இல்லாமல் யாரும் அதைத் தொடக்கூடாது, செயலாளரும் சேர்த்துத்தான்.

காபித்தூளில் ஃபிலிம் கழுவும் காபி டெவலப்பர் பற்றி ஒரு எச்சரிக்கை. 1995-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் ஒரு பேராசிரியரும் மாணவர்களும் கண்டறிந்த முறை இது. பின்னாளில் வந்த அளவு: ஒரு லிட்டருக்குச் சலவை சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம், இன்ஸ்டன்ட் காபித்தூள் 40 கிராம், 20 டிகிரியில் 15 நிமிடம். வேலை செய்வது காஃபின் அல்ல, காபியில் உள்ள காஃபிக் அமிலம். வீட்டு டிகாக்‌ஷனை ஊற்றிப் பார்த்தவர்களுக்கு நிழல்தான் கிடைத்தது.

நான் சொல்ல வந்தது சோடாவைப் பற்றி. மளிகைக் கடையில் ‘சோடா கொடுங்க’ என்றால் ஆப்ப சோடாதான் வரும். நம் உறுப்பினர் ஒருவர் அப்படித்தான் வாங்கி, தன் அக்கா மகளின் காதுகுத்து ரோலைக் கழுவினார். ஹைப்போவிலிருந்து எடுத்தபோது ஃபிலிம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஓரத்தில் கம்பெனி போடும் எண்கள்கூட இல்லை. ஓர எண்ணும் வராவிட்டால் குற்றம் கேமராவில் இல்லை, டெவலப்பரில் என்று அன்று எல்லாரும் கற்றோம். அந்தக் குடும்பத்தில் அவருக்கு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. இனி ஆப்ப சோடா மட்டுமே கிடைத்தால், வாணலியில் போட்டு நன்றாகச் சூடேற அரை மணி நேரம் வறுங்கள். சலவை சோடாவாக மாறிவிடும். எடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும், அதனால் வறுத்த பிறகே நிறுக்க வேண்டும்.

அடுத்து வெயில் டின்கள், அதாவது சூரியனின் தடத்தைப் பதிக்க மாதக்கணக்கில் வெயிலில் விட்டுவைக்கும் ஊசித்துளை டின்கள். 2023 டிசம்பர் 21 அன்று மூன்று டின்களை மாடியில் கட்டி, ஆறு மாதம் கழித்து 2024 ஜூன் 21-ல் எடுத்தோம். உள்ளே இருக்கும் காகிதத்தைக் கழுவுவதில்லை. அப்படியே ஸ்கேன் செய்வோம். சூரியன் தினமும் போன தடம் கோடு கோடாக விழும். கையேடுகள் டின்னைத் தெற்குப் பார்த்து நேராக நிறுத்தச் சொல்கின்றன. அவை ஐரோப்பாவுக்கு எழுதியவை. மதுரை இருப்பது ஏறத்தாழ 10 டிகிரி அட்சரேகையில். மார்கழி நண்பகலிலேயே சூரியன் 56 டிகிரி உயரத்தில் நிற்கிறது. சித்திரை பிறந்தால் உச்சந்தலைக்கு மேல், அதன்பின் வடக்கே. தெற்குப் பார்த்த இரண்டு டின்களிலும் இரு ஓரத்தில் கொஞ்சம் கீறல், நடுவில் வெறும் வானம். மூன்றாவதைக் கட்டியவர் திசை தெரியாமல் கிழக்குப் பார்த்துக் கட்டியிருந்தார். அதில்தான் படம். தறியில் பாவு பூட்டியதுபோல் கோடுகள் கிட்டத்தட்டச் செங்குத்தாக, கொஞ்சமே வலப்பக்கம் சாய்ந்து எழுகின்றன. மேகம் மூடிய நாட்களில் இழை அறுந்திருக்கிறது.

அடுத்து ஜூன் முதல் டிசம்பர் வரை வைத்தவற்றில் ஐப்பசி மழை புகுந்து ஒன்று கெட்டது, இன்னொன்றில் எறும்பு குடியேறியது. தப்பியது ஒன்று.

ஒரு பள்ளிக்குப் போய் தீப்பெட்டிக் கேமரா செய்துகாட்டினோம். 35 மி.மீ. ஃபிலிமை நகர்த்தும்போது அதன் ஓரத் துளையில் பிளாஸ்டிக் நாக்கு ஒன்று தட்டும். எட்டுத் தட்டுக்கு ஒரு படம். பிள்ளைகள் ஏழிலேயே நிறுத்தியதால் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அவர்களுக்கு அதுதான் பிடித்திருந்தது.

இப்போது மாடியில் இருப்பவை 2024 டிசம்பர் 21-ல் கட்டிய நான்கு டின்கள், எல்லாம் கிழக்குப் பார்த்தவை. வரும் ஜூன் 21 வரை அவற்றைத் தொடக்கூடாது. கட்டட உரிமையாளர் இந்த மாதம் மாடிக்கு வெள்ளை அடிக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். தலைவர் அவர்கள் நேரில் பேசி அதை ஜூலைக்குத் தள்ளிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இருட்டறைச் சாவி யாரிடம் இருக்கிறதோ, கூட்டம் முடிவதற்குள் என்னிடம் கொடுத்துவிடவும்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டு அமர்கிறேன்.

செயலாளர்
மதுரை, மே 2025