பசங்க கை மேல பைக் ஏத்துறதுக்குப் பேரு சாதனையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் நம்ம பேப்பர்ல மாவட்டச் செய்தி பக்கத்துல வந்த போட்டோவ பத்திதான் எழுதறேன். எட்டு வயசு பையன் தரையில கைய நீட்டி படுத்துருக்கான், அந்த கை மேல பைக் ஏறிப் போகுது, கீழ "கராத்தே மாணவர் சாதனை"ன்னு போட்டிருக்கீங்க. பாத்ததும் வயித்த கலக்கிடுச்சு சார்.

ஏன்னா என் பையனயும் இதே மாதிரி கூப்பிட்டாங்க. கிளாஸ் சேந்து ஏழு மாசம் கூட ஆகல, ஒழுங்கா முஷ்டி மடக்கவே அப்பதான் பழகிருந்தான், அதுக்குள்ள மாஸ்டர் வந்து உலக சாதனை நிகழ்ச்சி இருக்கு, நூறு ஓடு உடைக்கணும், பேர் குடுங்க, சர்டிபிகேட், ஷீல்டு, மெடல் எல்லாம் சேத்து 3,500 ரூபாய்ன்னாரு. வேணாம்னு சொன்னதுக்கு பையன் முன்னாடியே "உங்களுக்கே தைரியம் இல்ல, புள்ளைக்கு எப்படி வரும்"னு கேட்டாரு. அன்னைக்கே நிப்பாட்டிட்டேன்.

வளர்ற பசங்களுக்கு எலும்போட நுனியில குருத்தெலும்பு மாதிரி ஒரு பகுதி இருக்கு, எலும்பு நீளமா வளர்றதே அதுலதான், பொண்ணுங்களுக்கு 14, 15 வயசு, பசங்களுக்கு 16, 17 வயசு வரைக்கும் அது முழுசா கெட்டிப்படாது. அந்த எடத்துல பலமா அடிபட்டா அந்த கையோட வளர்ச்சியே கோணலாப் போக வாய்ப்பிருக்கு. விரலும் மணிக்கட்டும் அப்படித்தான இருக்கு, அதுல போய் ஓடு உடைக்க சொல்றாங்க.

இத்தனைக்கும் கராத்தேங்கறது இது இல்ல சார். டோக்கியோ ஒலிம்பிக்ல, 2021ல நடந்துச்சே, அதுல கராத்தே வந்தப்ப கத்தா (தனியா அசைவுகள செஞ்சு காட்டறது), குமித்தே (ரெண்டு பேர் மோதறது) ரெண்டும்தான் இருந்துச்சு, ஓடு உடைக்கறதெல்லாம் கிடையாது. அந்த குமித்தே பைனல் ஒண்ணுல சவுதி வீரர் தாரெக் ஹமேதி பாயிண்ட்ல முன்னாடி இருந்தாரு, அப்ப அவர் விட்ட கிக் ஈரான் வீரர் சஜ்ஜாத் கஞ்ச்சாதே தலையில பட்டு அவர் மயங்கி விழுந்துட்டாரு, ஆனா தங்கம் போனது மயங்கி விழுந்தவருக்கு, கட்டுப்பாடு இல்லாம அடிச்சதுக்காக ஹமேதிய டிஸ்குவாலிஃபை பண்ணிட்டாங்க. அடிய நிறுத்தத் தெரியணும், அதான் அங்க முக்கியம். நான் இத பையனுக்கு யூடியூப்ல போட்டு காமிச்சேன்.

பெல்ட் கதையும் இப்படித்தான். மூணு மாசத்துக்கு ஒரு டெஸ்ட், டெஸ்ட்டுக்கு ஒரு பீஸ், பத்து வயசுல பிளாக் பெல்ட்டுன்னு பிளெக்ஸ் வைக்கறாங்க. டேக்வாண்டோங்கற கொரிய சண்டைக் கலையில, சியோல்ல இருக்கற அதோட தலைமை அமைப்பான குக்கிவோன் 15 வயசுக்கு கீழ இருக்கற பசங்களுக்கு பெரியவங்க பிளாக் பெல்ட்ட குடுக்கறதில்ல, பாதி சிவப்பு பாதி கருப்புல "பூம்"னு தனியா ஒண்ணு குடுக்கறாங்க. பையன் பையனாவே இருக்கட்டும்னு நெனச்சிருக்காங்க பாருங்க, அது எனக்கு ரொம்ப பிடிச்சிருந்துச்சு.

இப்ப என் பையன் எங்க ஊர் கோயில் திடல்ல சிலம்பம் கத்துக்கறான். ஆசான் முதல்ல கம்ப கையிலயே குடுக்கல, ரெண்டு மாசம் வெறும் காலடிதான், அப்புறம் குடுத்த கம்பும் அவன் நெத்தி உயரத்துக்கு அளந்து வெட்டுனது. தினமும் வந்து மண்ணத் தொட்டு கும்பிட்டுட்டுதான் ஆரம்பிக்கறாங்க. பெல்ட்டும் இல்ல மெடலும் இல்ல, ஆனா பையன் சாயங்காலம் அஞ்சு மணி ஆனா வீட்ல நிக்க மாட்டேங்கறான்.

உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள்தான் சார். பைக் ஏத்துறது, ஆணிப் பலகையில படுக்க வைக்கிறது, நெருப்பு வச்சு ஓடு உடைக்கறது, இந்த மாதிரி போட்டோ வந்தா பாராட்டி போடாதீங்க. நீங்க போடறத கட் பண்ணி லேமினேட் பண்ணி கிளாஸ் வாசல்ல மாட்டிட்டுத்தான் அடுத்த பையன சேக்கறாங்க, எங்க மாஸ்டர் ரூம்லயே அப்படி நாலு இருந்துச்சு.

இப்படிக்கு,
ஒரு அப்பா,
விருதுநகர்