பிள்ளைக்கு அளவான உயிர்காப்பு அங்கி இல்லாமல் நடந்த புறாத் தீவுப் பயணம் பற்றிய புகார்

உவர்மலை,
திருகோணமலை.
2025 ஓகஸ்ட் 19

முகாமையாளர்,
படகுச் சவாரி, சுழியோடல் பிரிவு,
நிலாவெளி.

ஐயா,

ஓகஸ்ட் 16, சனிக்கிழமை உங்கள் படகில் புறாத் தீவுக்குப் போன எட்டுப் பேரில் நானும் ஒருத்தி. நான், என் கணவர், எங்கள் இரண்டு பிள்ளைகள், மட்டக்களப்பிலிருந்து வந்த தங்கச்சி, அவளுடைய கணவர், மகள், கூடவே என் அப்பா. முன்பதிவு என் பெயரில் இருக்கிறது. 24,000 ரூபாவில் 10,000 ரூபாவை முற்பணமாகக் கட்டிய பற்றுச்சீட்டின் படத்தையும் உங்கள் ஆளுடன் பேசிய வாட்ஸ்அப் செய்திகளையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ஏழு மணிக்குப் புறப்படும் என்ற படகு ஒன்பதரைக்குத்தான் வந்தது. தேசியப் பூங்காவுக்கான நுழைவுச்சீட்டும் அந்தத் தொகைக்குள் அடங்கும் என்றீர்கள். கரையில் அதற்குத் தனியாகக் காசு கட்ட வைத்தீர்கள். இவை இரண்டும் எரிச்சல்தான், ஆனால் இவற்றுக்காக மட்டும் என்றால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன்.

முன்பதிவு செய்யும்போது நான் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றே ஒன்று: சின்னப் பிள்ளைகளுக்கு அளவான உயிர்காப்பு அங்கி இருக்கிறதா? என் மகனுக்கு ஆறு வயது, மெலிந்த உடம்பு என்றும் எழுதினேன். "எல்லா சைஸும் இருக்கு அக்கா, பயப்படாதேங்கோ" என்று பதில் வந்தது. அந்தச் செய்தியும் இணைப்பில் இருக்கிறது.

கரையில் அவனுக்குத் தந்தது பெரியவர்கள் போடும் அங்கி. ஒரு பூட்டு உடைந்துபோய், நைலோன் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தது. கால்களுக்கு இடையால் எடுத்துப் பூட்டும் பட்டி இல்லை. என் அப்பா முப்பது வருடத்துக்கு மேல் இந்தக் கடலில் தொழில் செய்தவர். அவர் அங்கியின் இரண்டு தோள்களையும் பிடித்து மேலே தூக்கினார். அங்கி மேலே வந்தது, பிள்ளை மணலில் நின்றான். அளவான அங்கி என்றால் பிள்ளையும் சேர்ந்து எழும்ப வேண்டும். அந்த இடத்திலேயே அப்பா உங்கள் படகோட்டியிடம் வேறு அங்கி கேட்டார். "ஐயா, கடல் குளம் மாதிரிக் கிடக்கு, பேசாமல் ஏறுங்கோ" என்பதுதான் பதில்.

கடல் குளம் மாதிரித்தான் கிடந்தது. அது கச்சான் காலம். கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று என்பதால் கரையோரம் அலை அடங்கித் தெரியும். ஆனால் மேலே மிதக்கிற எதையும் அது வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். அப்பா இதைச் சொல்ல வாயெடுத்தபோதே படகின் இயந்திரத்தை முடுக்கிவிட்டார்கள். நாங்களும் ஏறினோம். இரண்டரை மணித்தியாலமாக வெயிலில் காத்திருந்த பிள்ளைகள், மட்டக்களப்பிலிருந்து இதற்காகவே வந்த தங்கச்சி குடும்பம். அங்கேயே இறங்கித் திரும்பியிருக்க வேண்டும் என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தீவில் உங்கள் வழிகாட்டி மூன்று பிள்ளைகளையும் முருகை, அதாவது பவளப்பாறை, இருக்கும் பக்கம் கூட்டிப்போனார். முதல் பத்து நிமிடம் நன்றாக இருந்தது. தங்கச்சியின் மகள் ஒரு சின்னச் சுறாவைக் கண்டாள், செட்டை நுனி கறுத்தது, பெரும்பாலும் ஆட்களை ஒன்றும் செய்யாத இனம். அந்தச் சந்தோசத்தில் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பியபோது என் மகனும் கையைத் தூக்கினான். அங்கி காதுக்கு மேலே ஏறியது, முகம் அதற்குள் போய்விட்டது. என் தங்கச்சியின் கணவர் நீந்திப்போய்ப் பிடித்தபோது பிள்ளை தண்ணீர் குடித்திருந்தான்.

அப்போது வழிகாட்டி செய்ததுதான் எனக்கு மறக்க முடியாதது. "கல்லில நில்லு தம்பி, ஒன்றும் இல்லை" என்று அவனை முருகையின் மேல் நிறுத்தினார். மற்ற இரண்டு பிள்ளைகளையும் அவன் பக்கத்தில் நிற்கச் சொன்னார். மான் கொம்பு போல் கிளைத்த முருகை காலுக்குக் கீழே முறிந்தது. அந்தச் சத்தத்தைத் தங்கச்சியின் மகள் இன்னும் சொல்கிறாள். என் மகனின் உள்ளங்காலில் இரண்டு வெட்டு. திருகோணமலை வந்துதான் மருந்து கட்டினோம், ஏனென்றால் படகில் ஒரு பஞ்சுத்துண்டுகூட இல்லை.

அது கல் இல்லை, உயிர். 2003இல் அந்தத் தீவையும் சுற்றியுள்ள கடலையும் தேசியப் பூங்காவாக அறிவித்ததே அந்த முருகைக்காகத்தான். உங்கள் தொழில் நடப்பதும் அதை நம்பித்தான். அளவான அங்கி இருந்தால் பிள்ளை மிதந்துகொண்டே பார்ப்பான், எதன் மேலும் ஏற வேண்டிய தேவை வராது. அங்கி சரியில்லாதபடியால் முருகையை மிதிகல் ஆக்கினீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை படகு போகிறது, ஒவ்வொரு படகிலும் இப்படி எத்தனை பிள்ளைகள்?

தீவின் கரையிலிருந்து இதைப் பார்த்த அப்பா அன்று முழுக்கப் பேசவில்லை. இரவு சாப்பாட்டின்போதுதான், "முருகை செத்தால் மீன் எங்கே வந்து குஞ்சு பொரிக்கும்?" என்று கேட்டார்.

நான் கேட்பது இவ்வளவுதான். மூன்று பிள்ளைகளுக்கும் வாங்கிய காசையும் நுழைவுச்சீட்டுக்கு நாங்கள் தனியாகக் கட்டியதையும் திருப்பித் தாருங்கள். சின்னப் பிள்ளைகளின் எடைக்கு ஏற்ற, காலிடைப் பட்டி உள்ள அங்கிகளை வாங்குங்கள். அவை வரும்வரை சின்னப் பிள்ளைகளை ஆழத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள். முருகையில் யாரையும் நிறுத்தக் கூடாது என்று உங்கள் வழிகாட்டிகளுக்குச் சொல்லுங்கள். அப்புறம், என் அப்பாவிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டாலும் சரி. அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

அன்று எங்களோடு வந்த படகோட்டி இளம் பெடியன். அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, விடயம் முடிந்தது என்று எனக்கு எழுத வேண்டாம். கையில் இருந்த அங்கியைத்தான் அவர் தந்தார். வாங்கி வைக்க வேண்டியது நிறுவனம்.

இரண்டு கிழமைக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடுவேன். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும் இந்தக் கடிதத்தின் பிரதியை அனுப்புவேன். அங்கியின் உடைந்த பூட்டையும் மகனின் காலையும் எடுத்த படங்கள் இணைப்பில் உள்ளன.

இப்படிக்கு,
முன்பதிவு செய்த வாடிக்கையாளர்