அரை மாத்திரையைக் கொடுத்துப் பாத்துட்டு இல்லன்னு சொல்லிராதீங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன இதழ் கேள்வி பதில்ல, பார்க்கின்சன்னு, கை நடுங்கி உடம்பு விறைச்சு நடை மெதுவாகுற நரம்பு நோய் இருக்கான்னு எப்படித் தெரியும்னு ஒருத்தர் கேட்டதுக்கு, லெவோடோபா மாத்திரை கொடுத்துப் பாருங்க, மாத்திரை கேட்டு கொணம் தெரிஞ்சா அது பார்க்கின்சன், கேக்கலைன்னா அது இல்லன்னு ரெண்டே வரியில போட்டிருந்தீங்க. அதைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல, அதான் எழுதுதேன். தப்புன்னு சொல்ல வரல. பாதிதான் சொல்லியிருக்கீங்க, மீதிப் பாதி தெரியாம எங்க வீட்டுல ஏழு மாசம் போயிட்டு.

எங்க அப்பா அம்பாசமுத்திரம் பக்கம் பலசரக்குக் கடை வச்சிருக்காவ, வயசு 63. நடுக்கம் வாரதுக்கு முன்னாலயே பற்று நோட்டுல எழுத்து மாறிட்டு. வரி ஆரம்பிக்கும்போது கொண்டைக்கடலை மாதிரி இருக்கும், முடியுறதுக்குள்ள கடுகாயிரும். கண்ணு மங்கிட்டுன்னு நெனச்சு கண்ணாடி மாத்துனோம். அப்புறம் பொட்டலம் கட்ட ரொம்ப நேரமாச்சு, நடக்கும்போது வலது கை வீசல, பிறகுதான் சும்மா மடியில வச்சிருக்கும்போதே அந்தக் கை நடுங்க ஆரம்பிச்சுது.

முதல்ல பாத்த டாக்டர் லெவோடோபா கார்பிடோபா மாத்திரையில அரை அரையா மூணு வேளை கொடுத்தாவ. லெவோடோபான்னு கணக்குப் பாத்தா ஒரு நாளைக்கு 150 மில்லிகிராம்தான். இது நோய் எதுன்னு பாக்கதுக்காவும் கொடுக்கதுன்னு எங்ககிட்ட யாரும் சொல்லல. அப்பா சாப்பாட்டோடயே போட்டாவ, ஒரே குமட்டல். நான் மெடிக்கல்ல கேட்டு வாந்திக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். 12 நாள் பாத்தோம், ஒரு மாத்தமும் இல்ல. மாத்திரை கேக்கல, அப்போ அந்த நோய் இல்லன்னு சொந்தக்காரங்க சொல்ல, எங்களுக்கும் அது நிம்மதியா இருந்துச்சு, நிறுத்திட்டோம். ஏழு மாசம் கழிச்சு ஆத்துப் படித்துறையில திரும்பும்போது அப்பா விழுந்துட்டாவ.

அடுத்து பாத்த நரம்பு டாக்டர் முதல்ல வீட்டுல உள்ள எல்லா மாத்திரையையும் பையோட கொண்டு வரச் சொன்னாவ. நான் வாங்கிக் கொடுத்த வாந்தி மாத்திரை மெட்டோகுளோபிரமைடு. டோபமின்ங்கிறது கை காலை அசைக்க மூளைக்கு வேண்டிய ஒரு ரசாயனம், லெவோடோபா மூளைக்குப் போயி அந்த டோபமினா மாறும். மெட்டோகுளோபிரமைடு மூளையில டோபமினைத் தடுக்குற மருந்தாம், அதாவது எந்த டோபமின் கொறஞ்சதால இந்த நோய் வருதோ அதையே தடுக்குது. அப்பா பல வருஷமா போட்ட கேஸ் கேப்ஸ்யூல்ல லெவோசல்பிரைடுன்னு ஒண்ணு, அதுவும் அதே வகை. தலைசுத்தலுக்குக் கொடுக்குற சின்னாரிசின், ஃப்ளூனாரிசின்லகூட பார்க்கின்சன் மாதிரியே விறைப்பும் நடுக்கமும் வரலாமாம். எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லி ஒரு மாசத்துக்கு மேல பாத்துட்டுத்தான் மருந்தையே ஆரம்பிச்சாவ. பூனைக்காலி விதைப் பொடி ஏதும் சாப்பிடுதாவளான்னுகூட கேட்டாவ, அந்த விதையில லெவோடோபா இயற்கையாவே இருக்கு, தெரியாம சேந்தா கணக்கு தப்பிரும்லா.

இந்தத் தடவை சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால, ஏன்னா பருப்பு முட்டை பால்ல உள்ள புரதம் இந்த மருந்து ஏறதுக்குப் போட்டியா வருமாம். அளவை வாராவாரம் பைய ஏத்துனாவ. பிறகு ஒரு நாள் காலையில, முந்தின ராத்திரி மாத்திரை போடாம வரச் சொல்லி, பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொல்லி, எழுந்து நடந்து திரும்பச் சொல்லி வீடியோ எடுத்துட்டு, மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் கழிச்சு அதையே திரும்பச் செய்யச் சொன்னாவ. காலையில திரும்புறதுக்கு 9 எட்டு வச்ச அப்பா 3 எட்டுல திரும்பிட்டாவ. நான் அங்கேயே அழுதுட்டேன் அய்யா. நடுக்கம் மட்டும் பாதிதான் கொறஞ்சுது, சில பேருக்கு நடுக்கம் லேசுல கேக்காதாம், அதை மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாதுன்னு சொன்னாவ.

இதுல ஒரு பழைய கதையும் உண்டு. 1961ல வியன்னாவுல இந்த மருந்தை முதல்ல ஊசியா போட்டாவ, ஆனா அடுத்து பல இடத்துல சின்ன அளவுல கொடுத்துப் பாத்தப்ப சரியா கேக்கல. 1967ல அமெரிக்காவுல கோட்சியாஸ்ங்கிற டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா அளவை நல்லா ஏத்திக் கொடுத்த பிறகுதான் இதோட பலனே உறுதியாச்சு. கொறஞ்ச அளவுல பாத்துட்டு அன்னைக்கே விட்டுருந்தா இந்த மருந்தே நமக்கு இல்ல. இந்த நோயைக் கண்டுபிடிக்க 2015ல வந்த சர்வதேச அளவுகோல்லயும், மாத்திரை கேக்கலைங்கிறதை வச்சுப் பாக்கும்போது, நோய் ஓரளவு முத்தினவங்களுக்கு தினம் 600 மில்லிகிராமோ அதுக்கு மேலயோ கொடுத்தும் ஒண்ணுமே அசையலைன்னாதான் பார்க்கின்சன் இல்லன்னு தள்ளணும்னு இருக்கு. எங்க அப்பாவுக்கு அதுல கால்வாசிதான் போச்சு.

கேட்டா பார்க்கின்சன்தான்ங்கிறதும் முழுசா சரியில்ல. மல்டிபிள் சிஸ்டம் அட்ரோபின்னு, பார்க்கின்சன் மாதிரியே தெரியுற வேற மூளை நோய்லயும் சிலருக்கு ஆரம்பத்துல இந்த மாத்திரை கேக்கும், பிறகு விட்டுரும். நல்லா கேட்டா பார்க்கின்சன்னு நம்ப அது பலமான சாட்சி, ஆனா ஒரே சாட்சி இல்ல. இதுக்குன்னு ரத்தப் பரிசோதனை கிடையாது, சாதாரண எம்ஆர்ஐ ஸ்கேனும் பெரும்பாலும் வேற காரணம் இருக்கான்னு பாக்கதுக்குத்தான்.

அய்யா, அந்தப் பதிலுக்கு அடுத்த இதழ்ல ஒரு திருத்தம் போடுங்க. எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம், எப்படிப் போட்டு, கூட என்னென்ன மாத்திரை போட்டுப் பாத்தாங்கன்னு டாக்டர்கிட்ட கேக்காம கேக்கலன்னு முடிவு பண்ண வேண்டாம், தானா நிறுத்தவும் வேண்டாம்னு போடுங்க. எங்க தெருவுலயே ஒரு ஆச்சி பத்து நாளா அரை மாத்திரையில நிக்காவ, அவுக மகன் உங்க பக்கத்தைத்தான் வெட்டி வச்சிருக்கான்.

இப்படிக்கு,
ஒரு மகள், அம்பாசமுத்திரம்