16 அந்த வரிசையில் வராது

ஆசிரியருக்கு, வணக்கம்.

1, 12, 123, 1234 என்று எண்களை ஒட்டிக்கொண்டே போனால், எந்த எண் வரை ஒட்டும்போது அதே எண்ணால் வகுபடும் என்று உங்கள் புதிர்ப் பக்கத்தில் கேட்டிருந்தீர்கள். 1, 2, 3, 5, 6, 9, 10, 12, 15 வரை விடை சரி. அடுத்து 16 என்று அச்சாகியிருப்பது தவறு. 16ஆல் வகுபட, கடைசி நான்கு இலக்கம் 16ஆல் வகுபட வேண்டும். இங்கே அது 1516, மீதி 12. பதினேழும் ஆகாது. அடுத்தது 18தான்.

எக்செலில் போட்டுப் பார்த்திருந்தால் இந்தப் பிழை வரும். அது 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். 12 வரை ஒட்டினால் சரியாக 15 இலக்கம். 13ஐ ஒட்டியதுமே கடைசி இரண்டு இலக்கம் 00 ஆகிவிடும். 16 வரை ஒட்டினால் மொத்தம் 23 இலக்கம். வாலில் எட்டுச் சுழியம். அப்படி முடிகிற எண் 16ஆல் வகுபடத்தானே செய்யும்! 15க்குச் சரியான விடை கிடைப்பதுகூடத் தற்செயல்தான்.

முழு எண்ணை எழுதவே வேண்டாம், மீதி போதும். 7க்குப் பாருங்கள். 12இன் மீதி 5. அதன் பக்கத்தில் 3 சேர்த்தால் 53, மீதி 4. பிறகு 44, மீதி 2. 25, மீதி 4. 46, மீதி 4. 47, மீதி 5. ஆகவே 1234567 ஏழால் வகுபடாது. 10 முதல் மீதியை 100ஆல் பெருக்கிவிட்டு அடுத்த எண்ணைக் கூட்ட வேண்டும். பிள்ளைகள் பழக்கத்தில் 10ஆலேயே பெருக்கிவிடுவார்கள். பாதிப் பிழை அங்கேதான். ஒவ்வொரு வகுத்திக்கும் 1இலிருந்து புதிதாகத் தொடங்கவும் வேண்டும். 7இன் மீதி 8க்கு உதவாது.

இதே மீதி வழி 3816547290க்கும் பொருந்தும். இதன் முதல் இரண்டு இலக்கம் 2ஆலும், முதல் மூன்று 3ஆலும், இப்படியே பத்தும் 10ஆலும் வகுபடும். 0 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஒரே முறை வரும்படி அமைந்த இத்தகைய எண் இது ஒன்றுதான். இலக்கம் திரும்ப வரலாம் என்றாலும் 25 இலக்கத்தைத் தாண்டி இப்படி எந்த எண்ணும் கிடையாது. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பில் கொடுக்க அஞ்சல் குறியீடு நல்ல கணக்கு. நாகர்கோவில் 629001, தக்கலை 629175, மார்த்தாண்டம் 629165. 62 இரண்டால் வகுபடும். 629இன் இலக்கக் கூட்டல் 17, மூன்றால் வகுபடாது. மூன்று ஊரும் மூன்றாம் படியிலேயே நின்றுவிடும்.

அடுத்த இதழில் 16ஐ நீக்கித் திருத்தம் வெளியிடுங்கள். கூடவே மீதி வழியையும் நான்கு வரியில் போட வேண்டுகிறோம்.

பள்ளிக் கணித மன்ற ஆசிரியர்கள்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்