பழைய டிஸ்பென்சர் வாங்கப் போற பங்க் ஓனர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க. பங்க்ல பெட்ரோல், டீசல் அளந்து ஊத்துற டிஸ்பென்சர் மெஷின செகண்ட் ஹேண்ட்ல எடுக்கலாம்னு யோசிச்சிட்டு இருக்குற எல்லாருக்கும் இத எழுதுறேன். இந்த மெஷின்களைத் தொறந்து மூடுற வேலையிலதான் நான் பல வருஷமா இருக்கேன். பழசே வாங்காதீங்கன்னு சொல்ல வரல, ஒழுங்கா பராமரிச்ச மெஷின் இன்னும் ரொம்ப நாள் உழைக்கும், ஆனா நீங்க பாத்து வாங்குற முறைதான் எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. கரண்ட் குடுத்தா டிஸ்ப்ளே எரியுது, நாசில தூக்கினா ஜீரோ ஆகுது, பெயின்ட் பளபளன்னு இருக்கு, சரி வண்டில ஏத்துப்பான்னு சொல்லிடுறீங்க. எண்ணெய் ஓட்டி அளந்து பாக்காம எடுக்காதீங்க, கெஞ்சிக் கேக்குறேன்.

ஒரு ஓனர் வாங்கிட்டு வந்தப்புறம்தான் என்னைக் கூப்பிட்டாரு. 20 லிட்டர் அளவு கேனை நனைச்சு, கவுத்து வடியவிட்டு, மட்டமான தரையில வச்சு நாசில முழுசா அமுக்கிப் பிடிச்சோம். 20.00ல நிறுத்தினா கேன் கழுத்துக் கண்ணாடில 40 மில்லிதான் கூட, அவரு அப்பாடான்னு மூச்சு விட்டாரு. மறுபடி அதே கேன், இந்தத் தடவை நிமிஷத்துக்கு 5 லிட்டர் கணக்கா மெதுவா, நாலு நிமிஷம் கைய அசைக்காம பிடிச்சிருந்தோம். 160 மில்லி கூட.

ஓஐஎம்எல்னு சர்வதேச அளவியல் அமைப்பு ஒண்ணு இருக்கு, பல நாடுகள் அடிப்படையா வச்சிருக்குற அதோட ஆர் 117 பரிந்துரையில இந்த மெஷின் அளவு கூடக் குறைய இருக்கலாம்ங்குற எல்லை 0.5 சதவீதம், 20 லிட்டருக்கு 100 மில்லி. மீட்டருக்குள்ள பிஸ்டன் சீல் தேஞ்சிருந்தா எண்ணெய் கணக்குல வராமலே ஓரமா நழுவிடும், மெதுவா ஓடுறப்போ அந்த நழுவல் பங்கு ஜாஸ்தி ஆகும். கேலிப்ரேஷன் பண்ணிக்கலாம்னு விக்கிறவங்க சொல்வாங்க. பழைய மீட்டர்ல அட்ஜஸ்ட்மென்ட் வீலைத் திருப்பினா வேகமா ஓடுற அளவும் மெதுவா ஓடுற அளவும் சேந்தேதான் ஏறும் எறங்கும், நடுவுல இருக்குற அந்த 120 மில்லி வித்தியாசம் அப்படியே நிக்கும், பிரிச்சு சீல் மாத்தினாத்தான் போகும். ஒரு நாளைக்கு 5,000 லிட்டர் ஓடுற இடத்துல 0.5 சதவீதம்னா 25 லிட்டர், தெனமும் காசு வராம உங்க டேங்க்ல இருந்து போறது. அதனால ரெண்டு வேகத்துலயும் அளந்து அந்த வித்தியாசத்தப் பாருங்க.

அப்புறம் பல்சர். மீட்டர் சுத்துறத பல்ஸா மாத்தி போர்டுக்கு அனுப்புறது அதுதான். எடையளவு ஆபீஸ்ல முத்திரை போட்டுக் கட்டின சீல் கம்பி அறுந்திருந்தாலோ, பல்சருக்கும் போர்டுக்கும் நடுவுல சம்பந்தமில்லாம ஒரு சின்ன போர்டோ வயரோ இருந்தாலோ அந்த மெஷினைத் தொடாதீங்க, எவனோ கஸ்டமர ஏமாத்தினதுக்கு நீங்க பதில் சொல்லணும். போர்டுல கபாசிட்டர் தலை உப்பியிருக்கான்னு பாருங்க, இதுவரைக்கும் மொத்தம் எத்தன லிட்டர் ஓடிருக்குன்னு காட்டுற டோட்டலைசர் ரீடிங்கைக் குறிச்சிட்டு மெயின் ஆஃப் பண்ணிப் போட்டுப் பாருங்க, அழிஞ்சிருந்தா மெமரி பேட்டரி போச்சு. பேட்டரி மாத்திடலாம், ஆனா போர்டு இன்னும் கெடைக்குதான்னு விசாரிக்காம காசு குடுக்காதீங்க. விலை காட்டுற டிஸ்ப்ளேல எத்தன இலக்கம் இருக்குன்னும் எண்ணிக்கோங்க, பழசுல அது பத்தாம போறத நான் பாத்திருக்கேன். பங்க் மெஷின்களையெல்லாம் ஒண்ணா கவனிக்கிற உங்க கன்ட்ரோலரோட பேசுமான்னும் கேளுங்க, கரன்ட் லூப்பும் ஆர்எஸ் 485ம் தகவல் அனுப்புற வேற வேற வயர் முறை, கரன்ட் லூப்ல பேசுற மெஷினை நேரா ஆர்எஸ் 485ல மாட்ட முடியாது. சக்‌ஷன் மெஷினா (பம்ப் மெஷினுக்குள்ளயே இருக்கும்), டேங்குக்குள்ள பம்ப் வைக்கிற பிரஷர் டைப்பாங்குறதையும் பாத்துக்கோங்க.

ஒண்ணு மட்டும் பேரமே கூடாது. மெஷினோட கரன்ட் சாமான் இருக்குற ஃபிளேம்ப்ரூஃப் பெட்டிக்குள்ள தீப்பொறி வந்தா, மூடியும் பெட்டியும் ஒட்டுற அந்த வழவழப்பான விளிம்பு வழியா வெளிய வர்றதுக்குள்ள நெருப்பு குளிர்ந்துடணும், அதுக்குத்தான் அத்தன போல்ட்டு. ஒரு போல்ட் இல்ல, விளிம்புல ஆழமா கீறல், யாரோ வயர் விட கூடுதலா ஓட்டை போட்டிருக்காங்க, இதுல எது இருந்தாலும் திரும்பி வந்துடுங்க. பெட்ரோல் ஆவிக்கு நடுவுல நிக்கிறது உங்ககிட்ட வேலை பாக்குற பசங்கதான்.

எத்தனால் கலந்த பெட்ரோல் ஓட்டப் போறீங்கன்னா உள்ள இருக்குற ஓ-ரிங், ஹோஸ், சீல் எல்லாம் அந்தக் கலவைக்கு ஏத்ததான்னு எழுத்துல வாங்குங்க.

இதெல்லாம் சரியா இருந்தா, அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி மெஷின்ல இருக்குற பேர்த் தகட்ட போட்டோ எடுத்துட்டுப் போய் உங்க எடையளவு ஆபீஸ்ல காட்டுங்க, இந்த மாடலுக்கு இன்னும் முத்திரை போட்டுத் தருவீங்களான்னு நேராவே கேட்டுட்டு வாங்க.